ஆதரவுப் பட்டியலுக்கு வெளியே ஒரு சில்லு

சென்ற ஆண்டின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் மடிக்கணினியின் லினக்ஸ் வழங்கலை (டிஸ்ட்ரோவை) அடுத்த பதிப்புக்கு உயர்த்தினேன். வெளியீட்டுக் குறிப்புகளைப் படிக்காமல் உயர்த்தினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல ஆண்டுகளாக ஒன்றும் ஆகாமல் போனதால் வந்த அசட்டுத் துணிச்சல் அது. கணினி ஒழுங்காகவே எழுந்தது. திரை தெளிவாக இருந்தது, காணொளிகள் ஓடின, வெளித்திரையும் வேலை செய்தது. மாலையில் ஒரு திருமணத்தில் எடுத்த ரா (கேமரா பதப்படுத்தாத மூல) படங்களை டார்க்டேபிள் என்ற புகைப்பட மென்பொருளில் திறந்து, இரைச்சல் நீக்கும் கருவியை இயக்கியபோதுதான் விசிறி வழக்கத்துக்கு மாறாக இரையத் தொடங்கியது. முன்பெல்லாம் வரைகலைச் சில்லு செய்துவந்த வேலையை இப்போது சிபியு தனியாகச் சுமக்கிறது என்று அந்த ஓசையே சொல்லிவிட்டது. முனையத்தைத் திறந்து சிஎல்-இன்ஃபோ என்ற சிறு கருவியை ஓட்டிப் பார்த்தேன். தளங்களின், அதாவது கணிப்புக்குக் கிடைக்கும் டிரைவர்களின், எண்ணிக்கை பூஜ்யம் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

சில்லு அப்படியே இருக்கிறது. அதே சில்லுதான் அந்தப் பூஜ்யத்தையும் திரையில் வரைந்து காட்டியது. பிறகு எது போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை தேடிய சில வாரங்களில், வரைகலைச் சில்லைப் பொதுவான கணக்குகளுக்குப் பயன்படுத்த உதவும் ஒரு வரைகலைக் கணிப்பு டிரைவருக்கு 'ஆதரவு உண்டு' என்று நாம் ஒரு சொல்லில் சொல்லிவிடுவது உண்மையில் எத்தனை பேர் சேர்ந்து தாங்கும் பந்தல் என்பது எனக்குப் புரிந்தது. அந்தப் பந்தலின் எந்தக் கால் முதலில் உளுத்துப்போகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் சில்லு இன்டெலின் யுஎச்டி 620. ஒன்பதாம் தலைமுறை வரைகலைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் 24 செயல் அலகுகள் உள்ளன. ஒவ்வோர் அலகும் ஏழு இழைகளை ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு, ஒன்று நினைவகத்துக்காகக் காத்திருக்கும்போது மற்றொன்றை ஓட்டும். ஒரு கடிகாரத் துடிப்பில் ஓர் அலகு 16 ஒற்றைத் துல்லிய (32 பிட்) கணக்குகளைச் செய்யும் என்பதால், ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் மொத்தச் சில்லும் நொடிக்கு ஏறத்தாழ 38,400 கோடிக் கணக்குகளைச் செய்ய வல்லது. இன்றைய தனி வரைகலை அட்டைகளோடு ஒப்பிட்டால் இது சிரிப்புக்கு இடமானதுதான். ஆனால் இவ்வகை உட்பொதிந்த சில்லுகளுக்கு ஒரு வசதி உண்டு: சிபியுவும் வரைகலைச் சில்லும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. நிரலாளர் தன் தரவை 4096 பைட் எல்லையில் தொடங்குமாறு ஒதுக்கி, அதன் நீளத்தை 64 பைட்டின் மடங்காக வைத்துவிட்டால், இன்டெலின் டிரைவர் அதை எங்கும் நகலெடுக்காமல் இருந்த இடத்திலேயே பயன்படுத்திக்கொள்ளும். பெரிய படங்களைக் கையாளும் மென்பொருளுக்கு இது சிறிய சலுகை அல்ல.

இந்தச் சில்லைக் கணிப்புக்குப் பயன்படுத்த நான்கு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க வேண்டும். மேலே இருப்பது, வெவ்வேறு நிறுவனங்களின் சில்லுகளில் கணிப்பை ஓட்டுவதற்கான பொதுத் தரமான ஓப்பன்சிஎல்லின் ஏற்றி. இது அமைப்புக் கோப்புகள் உள்ள எட்சி அடைவின் கீழுள்ள ஒரு கோப்புறையைத் திறந்து, அங்கே கிடக்கும் ஒற்றை வரிக் கோப்புகளைப் படித்து, அவற்றில் எழுதியிருக்கும் நூலகங்களை ஏற்றும். அவ்வளவுதான் அதன் வேலை. அடுத்தது இயக்கநேர நூலகம்; இன்டெலைப் பொறுத்தவரை 2018 பிப்ரவரியில் எம்ஐடி என்ற திறந்த மூல உரிமத்தின்கீழ் வெளியான 'நியோ'. மூன்றாவது கம்பைலர், நாம் சி மொழியின் சாயலில் எழுதும் கணிப்பு நிரலைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது. அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னலுக்குள், அதாவது இயக்குதளத்தின் மையக்கருவுக்குள், உள்ள டிரைவர். நினைவகத்தை ஒதுக்குவதும், வேலைகளை வரிசையில் நிறுத்துவதும், தொங்கிப்போன சில்லை மீட்டெழுப்புவதும் அதன் பொறுப்பு. (ஓப்பன்சிஎல் மொழியில், சில்லில் ஓடும் சிறு நிரலுக்கும் கெர்னல் என்றே பெயர். குழப்பம் வேண்டாமென்று அதை இங்கே 'நிரல்துண்டு' என்று சொல்கிறேன்.)

என் கணினியில் முதல் அடுக்கும் நான்காம் அடுக்கும் நலமாகவே இருந்தன. இடையிலிருந்த இரண்டும்தான் மாறிப்போயிருந்தன. நியோவின் பதிப்பு எண்ணில் முதல் இரண்டு பகுதிகள் ஆண்டும் வாரமும் ஆகும். 24.35 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். எட்டாம், ஒன்பதாம், பதினொன்றாம் தலைமுறைச் சில்லுகளை ஏற்றுக்கொண்ட கடைசி வரிசை அதுவே. பிராட்வெல் முதல் ஐஸ் லேக் வரையிலான அந்தச் சில்லுகள் யாவும் அதன்பின் 'மரபு' என்று பெயரிட்ட தனிக் கிளைக்கு மாற்றப்பட்டன. முதன்மைக் கிளை டைகர் லேக் காலத்துப் பன்னிரண்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. நான் உயர்த்திய வழங்கலில் முதன்மைக் கிளை வந்திருந்தது. மரபுக் கிளையை நானே தேடி நிறுவியிருக்க வேண்டும். இதெல்லாம் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்படி நடப்பது முதல் முறையும் அல்ல. நியோவுக்கு முன்பு லினக்ஸில் இன்டெல் சில்லுகளுக்கான திறந்த மூல ஓப்பன்சிஎல் டிரைவர் 'பெய்ன்யே' என்று இருந்தது. 2013இல் முதல் வெளியீடு கண்ட அது, மூன்றாம் தலைமுறைக் கோர் செயலிகளான ஐவி பிரிட்ஜ் முதல் ஆதரித்தது. நியோ வந்ததும் பெய்ன்யேயின் வளர்ச்சி நின்றது. நியோவோ பிராட்வெல்லிலிருந்துதான் தொடங்கியது. இடையில் மாட்டிக்கொண்டவை ஐவி பிரிட்ஜும் ஹாஸ்வெல்லும். அவற்றுக்கு இருந்த ஒரே திறந்த மூலக் கணிப்பு டிரைவர், பராமரிக்க ஆளின்றி நின்றுபோன ஒன்றாயிற்று. டார்க்டேபிள் தன் விலக்குப் பட்டியலில் பெய்ன்யேயைச் சேர்த்திருந்ததும் உண்டு. நியோவும் தொடக்கத்தில், இடைநினைவகத்தைச் சரியாகப் புதுப்பிக்காத ஒரு பிழைக்காக, அதே பட்டியலில் சில காலம் இருந்து, பிழை நீங்கியபின் வெளியே வந்தது. ஆக, சில்லும் இயக்குதளமும் ஒத்துக்கொண்டாலும் பயன்பாட்டு மென்பொருள் 'உன்னை நம்பமாட்டேன்' என்று சொல்லிவிட முடியும். இந்த ஐந்தாவது தரப்பைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை.

பழைய சில்லுகளின் கதை இது என்றால், புதிய சில்லுகளின் கதை நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. அங்கே இயக்கநேர நூலகம் தயாராக இருக்கும், கெர்னல்தான் பின்தங்கும். இன்டெலின் ஆர்க் ஏ750, ஏ770 அட்டைகள் 2022 அக்டோபரில் விற்பனைக்கு வந்தன. அப்போது பரவலாகப் புழங்கிய உபுண்டு 22.04, 5.15 என்ற கெர்னலோடு வெளியாகியிருந்தது. அந்த அட்டைகளைச் சிறப்புக் கட்டளை எதுவும் இல்லாமல் தானாக ஏற்றுக்கொண்ட முதல் கெர்னல் 6.2, அது வந்தது 2023 பிப்ரவரியில். அதற்கு முந்திய கெர்னல்களில், சாதனத்தின் அடையாள எண்ணைக் கொடுத்து 'கட்டாயமாக இதையும் சோதித்துப் பார்' என்று துவக்கக் கட்டளையில் எழுத வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை நிரப்ப, பழைய கெர்னல்களோடு ஒட்டவைக்கக்கூடிய தனி டிரைவர் பொதி ஒன்றை இன்டெல் வழங்கியது.

இந்த ஒட்டுப் பொதியின் பின்னால் சுவாரசியமான ஒரு விதி இருக்கிறது. லினக்ஸின் வரைகலைத் துணைமுறைமையில், பயனர்வெளிக்கும் (கெர்னலுக்கு வெளியே ஓடும் மென்பொருள்களுக்கும்) கெர்னலுக்கும் இடையே ஒரு புதிய இடைமுகத்தைச் சேர்க்க வேண்டுமென்றால், அந்த இடைமுகத்தை உண்மையாகவே பயன்படுத்தும் திறந்த மூலப் பயனர்வெளி மென்பொருள் ஒன்று ஏற்கெனவே எழுதப்பட்டு, மதிப்பாய்வும் செய்யப்பட்டிருக்க வேண்டும். மூடிய நூலகத்துக்காகக் கெர்னலில் கதவு திறக்கமாட்டார்கள். ஒருமுறை திறந்த கதவை அடைப்பதும் இல்லை. பயனர்வெளியை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸின் மாறாக் கொள்கை. இந்த இரண்டும் சேர்வதால், இடைமுகத்தின் வடிவத்தைப் பற்றி நிதானமாக வாதிட்டு, ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே சேர்க்கிறார்கள். அட்டையை விற்பவருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. அதனால் வெளியிலிருந்து ஒட்டும் டிரைவரில் ஒரு தற்காலிக இடைமுகமும், அதிகாரபூர்வக் கெர்னலில் ஒரு நிரந்தர இடைமுகமும் என்று இரண்டு பேச்சுவழக்குகள் உருவாயின. நியோவைத் தொகுக்கும்போது 'ப்ரிலிம்' என்று தொடங்கும் தற்காலிக வழக்கையும் கண்டுகொள்ளச் சொல்லும் ஒரு தேர்வு இருப்பதற்குக் காரணம் இதுவே. ஓடத் தொடங்கியதும் அது, தான் எந்த வழக்குப் பேசும் கெர்னலின்மேல் நிற்கிறது என்று விசாரித்துக்கொள்கிறது. பயனர் தன் கெர்னலைப் புதுப்பித்துவிட்டு நூலகத்தைப் பழையதாகவே வைத்திருந்தால், அல்லது இதையே தலைகீழாகச் செய்தால், இரண்டு பேரும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல் நிற்பதையும், சிஎல்-இன்ஃபோ மீண்டும் பூஜ்யம் காட்டுவதையும் பார்க்கலாம்.

அதற்குமேல் இப்போது கெர்னலுக்குள்ளேயே இன்டெலுக்கு இரண்டு டிரைவர்கள் இருக்கின்றன. நெடுங்காலமாக இருப்பது ஐ915. புதிதாக எழுதப்பட்ட எக்ஸ்-இ டிரைவர் 2024 மார்ச்சில் வந்த 6.8 கெர்னலில் சேர்ந்தது. லூனார் லேக், பேட்டில்மேஜ் ஆகிய புதிய குடும்பங்களுக்கு 6.12இல் அதுவே இயல்பான டிரைவர் ஆயிற்று. நியோவின் மூலநிரலைத் திறந்து பார்ப்பவர்களுக்கு இந்த வரலாறு கோப்புறைகளாகவே கிடைக்கும். ஒவ்வொரு வன்பொருள் தலைமுறைக்கும் ஒரு கோப்புறை. இயக்குதள இடைமுகத்துக்குக் கீழே லினக்ஸுக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று. லினக்ஸுக்குள் ஐ915க்கும் எக்ஸ்-இக்கும் தனித்தனிக் கோப்புகள். ஆதரவுப் பட்டியல் என்று நாம் படிக்கும் அட்டவணை உண்மையில் இந்தக் கோப்புறைகளின் பெருக்கற்பலன். ஒரு தலைமுறையைப் பட்டியலிலிருந்து நீக்குவது என்றால் ஒரு கோப்புறையை நீக்குவது மட்டும் அன்று. அதோடு பெருகிவந்த அத்தனை சேர்க்கைகளையும் சோதிக்கும் கடமையிலிருந்து விடுபடுவதும் ஆகும்.

கோப்புறை இருந்தும் சில்லு இல்லாமல் போன வேடிக்கையும் நடந்திருக்கிறது. பத்தாம் தலைமுறை வரைகலையோடு வந்திருக்க வேண்டிய கேனன் லேக் செயலிகளில் சந்தைக்கு வந்த ஐ3-8121யு, வரைகலைப் பகுதி முடக்கப்பட்ட நிலையில்தான் வெளியாயிற்று. ஆனால் அதற்கான நிரல் கெர்னலில் பல ஆண்டுகள் காத்திருந்தது; மாப்பிள்ளை வராத மணமேடைபோல. 2021இல் அதை நீக்கினார்கள். இன்டெல் வரைகலையின் வரலாற்றில் ஒன்பதுக்குப் பிறகு நேராகப் பதினொன்று வருவதன் காரணம் தெரியாமல் தலையைச் சொறிந்தவர்களுக்கு இது விளக்கமாக அமையும்.

லினக்ஸுக்கு வெளியே நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விண்டோஸில் இந்த நூலகம் வரைகலை டிரைவரோடு சேர்ந்தே வந்துவிடுவதால் பயனருக்குத் தனியாக நிறுவும் வேலை இல்லை. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2இல் ஐ915உம் கிடையாது, எக்ஸ்-இயும் கிடையாது. மைக்ரோசாஃப்ட் தன் கெர்னலில் சேர்த்த ஒரு பாலம் 'டிஎக்ஸ்ஜி' என்ற சாதனக் கோப்பாகத் தெரியும். அதன் வழியாக வேலைகள் விண்டோஸ் பக்கத்து டிரைவருக்குப் போகின்றன. மைக்ரோசாஃப்ட் 2020இல் இந்தப் பாலத்தை லினக்ஸ் கெர்னல் குழுவிடம் கொடுத்துப் பார்த்தது. முதன்மைக் கெர்னலில் அது சேரவில்லை. ஃப்ரீபிஎஸ்டி இயக்குதளத்தின் 'போர்ட்ஸ்' என்ற மென்பொருள் தொகுப்பில் நியோ இருக்கிறது; லினக்ஸின் வரைகலை டிரைவர்களைப் பெயர்த்து எடுத்துவந்து அங்கே பயன்படுத்துகிறார்கள். மேக்கில் பேச்சே இல்லை. ஓப்பன்சிஎல்லைத் தொடங்கிவைத்த ஆப்பிளே 2018இல் அதைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது.

பட்டியலில் பெயர் இருந்தும் கணிப்பு நடக்காத இரண்டு அனுபவங்களையும் இங்கே சேர்க்க வேண்டும். இரண்டிலும் பிழை என்னுடையது.

முதலாவது, சாதனத்தைத் திறக்கும் உரிமை பற்றியது. இந்த மடிக்கணினியின் முன் உட்கார்ந்து ஓட்டினால் நன்றாக ஓடிய ஒரு நிரல், அடுத்த அறையிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து ஓட்டினால் சாதனமே இல்லை என்றது. அரை நாள் டிரைவரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். கணிப்புக்கான சாதனக் கோப்பு 'ரெண்டர்-டி-128' என்ற பெயரில் இருக்கும். சாதன எண்களில் 0 முதல் 63 வரை திரையைக் கட்டுப்படுத்தும் முனைகளுக்கும், 64 முதல் 127 வரை வேறொரு வகைக்கும் ஒதுக்கிவிட்டதால் இது 128இல் தொடங்குகிறது. திரையைத் தொடாமல் கணிப்பு மட்டும் செய்ய விரும்புவோருக்காக லினக்ஸ் 3.12இல் சோதனை முறையில் வந்த ஏற்பாடு இது. இந்தக் கோப்பைத் திறக்க 'ரெண்டர்' என்ற குழுவில் பயனர் இருக்க வேண்டும். நான் அந்தக் குழுவில் இல்லை. ஆனால் கணினியின் முன்னால் நேரில் உட்கார்ந்து உள்நுழைபவருக்கு, இயக்குதளச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அந்த நேரத்துக்கு மட்டும் உரிமையைத் தானாகவே வழங்கிவிடுகிறது. தொலைவிலிருந்து வருபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. வீட்டுக்காரர் உள்ளே இருக்கும்போது கதவு தாழிடாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, பூட்டே இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

இரண்டாவது, நேரம் பற்றியது. எண்கோட்பாட்டுப் பயிற்சி ஒன்றுக்காக, ஒரே நிரல்துண்டுக்குள் மிக நீளமான சுழற்சி ஒன்றை எழுதி ஓட்டினேன். சிறு எண்களுக்குச் சரியான விடை வந்தது. பெரிய எண்களுக்குத் திரை சில நொடிகள் உறைந்து, பிறகு விடைப் பட்டியல் முழுவதும் பூஜ்யமாக நின்றது. கெர்னலின் பதிவைப் பார்த்தால், வரைகலைச் சில்லு தொங்கிவிட்டது, மீட்டமைத்தேன் என்று இருந்தது.

இதன் காரணம், வரைகலைச் சில்லை இயக்குதளம் எப்படிப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது. ஒன்பதாம் தலைமுறையில் கணிப்புக்கென்று தனி எந்திரம் கிடையாது. திரையில் சன்னல்களை வரைந்து தரும் அதே எந்திரம்தான் என் சுழற்சியையும் ஓட்டுகிறது. ஒரு நிரல் அதை விடாமல் பிடித்துக்கொண்டால் மேசைத்தளமே நின்றுபோகும். அதனால் ஐ915 ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. இரண்டரை நொடிக்கு ஒருமுறை எந்திரத்துக்கு ஒரு நாடித்துடிப்பு வேலையை அனுப்பும். முந்திய துடிப்பு முடியாமல் கிடந்தால் அதன் முன்னுரிமையைப் படிப்படியாக ஏற்றும். கடைசியில் 'ஓடிக்கொண்டிருப்பதை விலக்கிவிட்டு இதை ஓட்டு' என்று கட்டளையிடும். இயல்பான அமைப்பில் 640 மில்லிநொடிக்குள் எந்திரம் விலகிக்கொடுக்காவிட்டால், அது செத்துவிட்டது என்று முடிவுகட்டி மீட்டமைத்துவிடும். உண்மையில் செத்த சில்லும், உழைத்துக்கொண்டே இருக்கும் சில்லும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரேமாதிரி தெரிகின்றன என்பதே இதன் அடிப்படைச் சிக்கல். விண்டோஸிலும் இதே காவல் உண்டு. அங்கே இயல்பான கெடு இரண்டு நொடி. இந்தக் காவலைத் துவக்கக் கட்டளையில் ஒரு சொல்லால் முழுவதும் அணைத்துவிடலாம். நான் செய்துபார்த்தேன், உண்மையாகவே தொங்கும் ஒரு நிரலை எழுதியதும் கணினியின் மின்பொத்தானை அழுத்திப் பிடிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. சுழற்சியைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் கால் நொடிக்குள் முடியுமாறு அனுப்புவதே முறை. தனிக் கணிப்பு எந்திரம் உள்ள பிந்தைய சில்லுகளில், ஐ915 அந்த எந்திரத்துக்கு ஏழரை நொடி வரை கெடு தருகிறது.

புதிய சில்லு எல்லாவற்றையும் கூடுதலாக ஆதரிக்கும் என்பதும் பொது விதி அல்ல. எட்டாம், ஒன்பதாம் தலைமுறைகளில் இரட்டைத் துல்லிய (64 பிட்) கணக்குக்கு வன்பொருள் இருந்தது. பதினொன்றாம் தலைமுறையில் அதை எடுத்துவிட்டார்கள். ஆர்க் ஏ770இலும் இல்லை. அங்கே இரட்டைத் துல்லியம் வேண்டுமென்றால், சூழல் மாறிகள் (நிரல் தொடங்குமுன் அமைக்கும் மதிப்புகள்) இரண்டை அமைத்து, கம்பைலர் அதை முழு எண் கணக்குகளால் போலச்செய்யும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். வேகம் பெரிதும் குறையும். 'மரபு' என்று ஒதுக்கப்பட்ட என் சில்லு செய்யும் ஒரு வேலையை, பட்டியலின் நடுவே உட்கார்ந்திருக்கும் அட்டை நேரடியாகச் செய்யாது என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி இருந்ததை மறைக்கவில்லை.

இனி, எந்தக் கால் முதலில் உளுக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். பழைய சில்லைக் கைவிடுவதற்குக் காரணம், அந்தச் சில்லின் கட்டளைகளையும் பதிவகங்களையும் கையாளும் நிரலைப் பராமரிப்பது கடினம் என்பதே என்று நான் நினைத்திருந்தேன். அந்த நிரல் ஒருமுறை சரியாக எழுதப்பட்டால் பெரும்பாலும் மாறுவதில்லை. சில்லு மாறாதபோது அது ஏன் மாறப்போகிறது? கெர்னலில் ஐ915 இன்றும் இருபது ஆண்டுக்கு முந்திய சில்லுகளைக்கூடத் திரைக்காகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஓயாமல் மாறிக்கொண்டிருப்பது கம்பைலரின் அடித்தளமான எல்எல்விஎம் என்ற பொதுக் கருவித்தொகுப்பு. அரை ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் உள் இடைமுகங்கள் மாறுகின்றன. அதன்மேல் கட்டப்பட்ட கம்பைலரை யாராவது தொடர்ந்து திருத்திவந்தால்தான் அது தொகுப்பாகும். பெய்ன்யே எல்எல்விஎம்மின்மேல் நின்றது. வளர்ச்சி நின்ற சில ஆண்டுகளில், எந்த எல்எல்விஎம் பதிப்போடு அது ஒட்டுமோ அந்தப் பதிப்புகளை வழங்கல்கள் களஞ்சியத்திலிருந்து நீக்கத் தொடங்கின. ஹாஸ்வெல் சில்லில் ஒரு டிரான்சிஸ்டர்கூடப் பழுதாகவில்லை. அதற்காக நிரல் எழுதித் தரும் கம்பைலரைத் தொகுக்க முடியாமல் போயிற்று.

நியோவின் கம்பைலரான ஐஜிசியும் எல்எல்விஎம்மின்மேல்தான் நிற்கிறது. அதன் முன்பகுதியான ஓப்பன்சிஎல்-கிளாங், ஒவ்வோர் எல்எல்விஎம் பதிப்புக்கும் தனித்தனிக் கிளையாகவே வளர்க்கப்படுகிறது. வழங்கல்கள் புதிய எல்எல்விஎம்முக்குத் தாவிய பிறகும், ஐஜிசிக்காக மட்டும் பழைய பதிப்பு ஒன்றைக் களஞ்சியத்தில் விட்டுவைத்திருப்பது வழக்கமாகிவிட்டது. இப்போது மரபுக் கிளை ஐஜிசியின் முதல் வரிசையையும், முதன்மைக் கிளை இரண்டாம் வரிசையையும் பயன்படுத்துகின்றன. இரண்டும் வெவ்வேறு நூலகப் பெயர்களில் இருப்பதால் ஒரே கணினியில் அருகருகே வாழ முடிகிறது. ஏற்றிக்கான ஒற்றை வரிக் கோப்புகளும் வெவ்வேறு பெயர்களில் வருகின்றன. இதைச் செய்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆனாலும் முதல் வரிசை ஐஜிசியை எதிர்கால எல்எல்விஎம்முக்கு யார் நகர்த்துவார்கள் என்ற இடத்தில், பெய்ன்யேக்கு நேர்ந்தது என் நினைவுக்கு வருகிறது. உரிமம் யாரையும் தடுக்கவில்லை. ஆனால் கம்பைலர் வேலை தெரிந்து, பழைய சில்லும் கையிலிருந்து, நேரமும் உள்ளவர் ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர் பெரும்பாலும் புதிய மடிக்கணினி வாங்கிவிடுகிறார்.

இதே சிக்கலை வேறு கோணத்தில் அணுகியது மெசா. லினக்ஸ் மேசைத்தளங்களின் வரைகலை டிரைவர்கள் வாழும் திட்டம் அது. 2022இல் வெளியான மெசா 22.3இல், கரோல் ஹெர்ப்ஸ்ட் ரஸ்ட் மொழியில் எழுதிய 'ரஸ்டிசிஎல்' என்ற ஓப்பன்சிஎல் செயலாக்கம் சேர்ந்தது. அதே ஆண்டிலேயே இன்டெலின் பன்னிரண்டாம் தலைமுறைச் சில்லில் ஓப்பன்சிஎல் 3.0க்கான அதிகாரபூர்வ இணக்கச் சான்றும் பெற்றது. இதிலும் எல்எல்விஎம் உண்டு. ஆனால் அதன் பங்கு வாசலோடு முடிகிறது: நாம் எழுதிய நிரலை கிளாங் என்ற எல்எல்விஎம்மின் சி கம்பைலர் படித்து, ஸ்பிர்-வி என்ற பொது இடைவடிவத்துக்கு மாற்றித் தருகிறது. அதற்குப் பிறகு மெசாவின் சொந்த இடைமொழியான நிர் பொறுப்பேற்று, ஒவ்வொரு சில்லுக்கும் ஏற்கெனவே மெசாவில் உள்ள கம்பைலரிடம் ஒப்படைக்கிறது. அந்தக் கம்பைலர் கணிப்புக்காக மட்டும் உயிரோடு இருப்பதல்ல. சன்னல்களை வரையவும் விளையாட்டுகளை ஓட்டவும் அதே கம்பைலர்தான் தேவை. என் சில்லுக்கான மெசா டிரைவரின் பெயர் ஐரிஸ். அது எட்டாம் தலைமுறை முதல் எல்லாவற்றையும் ஆதரிக்கிறது. அதாவது கணிப்புக்கான ஆதரவு, மேசைத்தளத்துக்கான ஆதரவின் தோளில் ஏறிக்கொள்கிறது. பழைய மடிக்கணினியில் ஓப்பன்சிஎல் ஓட்டுபவர்கள் சிலரே. அதில் உலாவி திறப்பவர்களோ எண்ணற்றவர்கள். அவர்களுக்காகவே ஐரிஸ் பல்லாண்டு பராமரிக்கப்படும்.

விலை இல்லாமலும் இல்லை. ரஸ்டிசிஎல்லை நிறுவினால் மட்டும் போதாது. எந்த டிரைவருக்கு அதை இயக்க வேண்டும் என்று ஒரு சூழல் மாறியில் பெயர் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது வாயைத் திறக்காது. இரட்டைத் துல்லியம், நான் பயன்படுத்தும் பதிப்பில், இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு இன்னொரு மாறி. இன்டெலின் சொந்தக் கணிப்பு இடைமுகமான லெவல் ஜீரோவை எதிர்பார்க்கும் மென்பொருள்களுக்கு ரஸ்டிசிஎல் உதவாது. அவை நியோவைத்தான் கேட்கும். சில்லை முழுவேகத்தில் விரட்டும் நுட்பங்களிலும், அந்தச் சில்லைச் செய்தவர்களே எழுதிய ஐஜிசிக்குத் தனி அனுகூலம் உண்டு.

இது இன்டெலின் வீட்டில் மட்டும் நடக்கும் கதையும் அன்று. ஏஎம்டியின் திறந்த மூலக் கணிப்பு அடுக்கான ராக்-எம், ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ஃபிரான்டியர் மீக்கணினியை இயக்குகிறது. 2022இல் எக்ஸாஃப்ளாப் (நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடிக் கணக்கு) எல்லையைத் தாண்டிய கணினி அது. அதே மென்பொருளின் லினக்ஸ் பட்டியலில் ஆர்எக்ஸ் 6600 போன்ற எளிய அட்டையின் பெயர் நீண்ட காலம் இடம்பெறவில்லை. ஆனால் ஒரு சூழல் மாறியில் '10.3.0' என்று எழுதி, பெரிய அட்டை ஒன்றின் அடையாளத்தைச் சின்ன அட்டைக்கு இரவல் கொடுத்தால், பல வேலைகள் ஓடிவிடுவதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். கட்டளைத் தொகுதி கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் இது பலிக்கிறது. அங்கும் விடுபட்டிருப்பது வன்பொருள் திறன் அல்ல. ஒவ்வோர் அட்டை வகைக்கும் நூலகங்களைத் தொகுத்துச் சோதித்து வெளியிடும் உழைப்பு. டெபியன் தன்னார்வலர்கள் தாங்களே பலவகை அட்டைகளைச் சேர்த்துவைத்து, ராக்-எம் பொதிகளை அவற்றில் தொடர்ந்து சோதிப்பது அந்த உழைப்பின் ஒரு பகுதியைத் தோளில் வாங்கிக்கொள்ளும் முயற்சிதான்.

என் மடிக்கணினியில் இப்போது சிஎல்-இன்ஃபோ இரண்டு தளங்களைக் காட்டுகிறது. ஒன்று மரபுக் கிளை நியோ, மற்றொன்று ரஸ்டிசிஎல். இரண்டின் கீழும் அதே யுஎச்டி 620, இரண்டு வெவ்வேறு பெயர்களில், ஒரே ஆள் இரண்டு வாக்காளர் அட்டை வைத்திருப்பதுபோல நிற்கிறது. டார்க்டேபிள் இரண்டையும் தனித்தனிச் சாதனங்கள் என்று எண்ணி வேலையைப் பிரித்துக் கொடுக்க முயன்றதால், அமைப்புக் கோப்பில் ரஸ்டிசிஎல்லை அதற்கு மட்டும் மறைத்துவைத்திருக்கிறேன். இரைச்சல் நீக்கும்போது விசிறி பழையபடி அடங்கியே ஓடுகிறது. வழங்கலின் அடுத்த பதிப்பு சில மாதங்களில் வரும். அதன் சோதனைக் களஞ்சியத்தில், ஐஜிசி முதல் வரிசைப் பொதி எந்த எல்எல்விஎம்மைச் சார்ந்திருக்கிறது என்று வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் வரை அந்தப் பதிப்பு இருக்கிறது.